தென் துருவத்துக்கு நடந்துபோக எத்தனை கிலோ உணவு? கணக்கைப் போடும் முறை

கேள்வி இது: அண்டார்டிகாவின் ஹெர்குலிஸ் இன்லெட் கடற்கரையிலிருந்து தென் துருவம் வரை, வழியில் எந்த உதவியும் பெறாமல், சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஸ்கீயில் போகிறவருக்கு எவ்வளவு உணவு தேவை? ஒரு நாள் உணவை நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதாதா?

போதாது. பெருக்கப்போகும் இரண்டு எண்களும் தனித்தனியானவை அல்ல. உணவு கூடினால் வண்டியின் எடை கூடும். எடை கூடினால் ஒரு நாளில் கடக்கும் தூரம் குறையும், நாட்கள் நீளும். நாட்கள் நீண்டால் மறுபடி உணவு கூட வேண்டும். இந்த வட்டத்தை ஒரே பெருக்கலில் முடிக்க முடியாது. ஓர் எடையை ஊகித்து, அதிலிருந்து நாட்களையும், நாட்களிலிருந்து சக்தியையும், சக்தியிலிருந்து உணவையும் கணக்கிட்டு, வந்த எடையை முதலில் ஊகித்ததோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் புதிய எடையை வைத்துத் திரும்பப் போட வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் எண் நிலைத்துவிடும். கீழே 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, தொடக்கத்தில் வண்டி 110 கிலோ என்று வைத்து, அந்த எண் எப்படி நிற்கிறது என்று காட்டுகிறேன். கலோரி என்று சொல்லுமிடமெல்லாம் உணவு உறைகளில் அச்சிடும் கிலோகலோரியைத்தான் சொல்கிறேன்.

முதலில் நாட்கள்

நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 1,130 கி.மீ. பனிப்பிளவுகளைச் சுற்றிப் போவதற்கும், காற்று அரித்த பனி வரப்புகளுக்கு நடுவே வளைந்து போவதற்கும் 4 சதவீதம் சேர்த்தால் 1,175 கி.மீ. இதை ஒரே சராசரி வேகத்தால் வகுப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. வண்டி கனமாக இருக்கும் தொடக்க நாட்களும் வண்டி பாதியாகிவிட்ட கடைசி நாட்களும் ஒன்றல்ல. மூன்று கட்டமாகப் பிரியுங்கள்:

முதல் 10 நாள் × 13 கி.மீ. = 130
அடுத்த 15 நாள் × 20 கி.மீ. = 300
மீதி 745 கி.மீ. ÷ 26 = 29 நாள்

மொத்தம் 54 நடை நாட்கள். இதோடு புயலில் கூடாரத்துக்குள் கிடக்கும் நாட்கள். பதின்மூன்று நாளுக்கு ஒன்று என்று வைத்தால் 4 வரும். ஆகத் திட்டம் 58 நாள். இருப்பு நாட்கள் இதற்கு மேல். அவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

ஒரு நாளின் செலவு

வண்டியை இழுக்கும் விசை = உராய்வுக் கெழு × எடை × 9.8. உராய்வுக் கெழு என்பது பனி வண்டியை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண். குளிர்ந்த பனியில் அதை 0.1 என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர் கூடக் கூடப் பனி வழுக்காமல் மணலைப்போல் பிடிக்கும். வண்டியின் அடிப்பக்கம் உரசி உண்டாக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலைத் தருகிறது, கடுங்குளிரில் அது உருவாவதில்லை. ஆகவே இந்த 0.1 கூடுமே தவிரக் குறையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் வண்டியின் சராசரி எடை 104 கிலோ. விசை 102 நியூட்டன். 13 கி.மீ.க்கு வேலை 1.33 மெகாஜூல். தசைகள் உணவின் சக்தியில் சுமார் 22 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும். எனவே உடல் செலவிடுவது 6 மெகாஜூல், அதாவது ஏறத்தாழ 1,440 கலோரி. கடைசிக் கட்டத்தில் வண்டி சராசரி 60 கிலோ, தூரம் 26 கி.மீ. இதே வழியில் போட்டால் 1,660 கலோரி. எடை பாதிக்கு வந்தும் இழுவைச் செலவு குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருக்கிறது, தூரம் இரட்டித்துவிட்டதால்.

இதோடு சொந்த உடலை நகர்த்தும் செலவு. கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு 0.75 கலோரி என்று எடுத்தால் 13 கி.மீ.க்கு 780, 26 கி.மீ.க்கு 1,560. படுத்துக் கிடந்தாலும் ஆகும் அடிப்படைச் செலவு 1,800. கூடாரம் போடுவது, பனி வெட்டுவது, செரிமானம், குளிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,000.

ஏற்றத்தைப் பற்றித்தான் பலரும் முதலில் கவலைப்படுவார்கள். துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து சராசரி 156 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மொத்தப் பயணத்திலும் 4,700 கலோரிதான் ஆகும். 54 நாளில் பகிர்ந்தால் நாளுக்கு 90கூட இல்லை. எதிரி ஏற்றமல்ல, உராய்வு. வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், அதைக் கீறல் இல்லாமல் வைத்திருப்பதும் இந்த ஒரு கணக்கினாலேயே முக்கியமாகிவிடுகிறது.

கூட்டினால் முதல் கட்டத்தில் நாளுக்கு சுமார் 5,100, நடுக்கட்டத்தில் (வண்டி 89 கிலோ, 20 கி.மீ.) 5,980, கடைசியில் 6,110. கூடாரத்தில் கிடக்கும் நாளுக்கு 2,800. மொத்தச் செலவு ஏறத்தாழ 3,29,000 கலோரி.

எவ்வளவு உண்பது

செலவு முழுவதையும் உணவால் ஈடுகட்டத் தேவையில்லை. உடம்பில் உள்ள கொழுப்பும் ஓர் இருப்புதான். ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரி. அதற்கு உறை வேண்டாம், உறைந்து கல்லாகவும் ஆகாது. ஆனால் அதிலிருந்து அளவோடு எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் பசி மந்தமாக இருக்கும், கட்டிய உணவு மிஞ்சும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எவ்வளவு உண்டாலும் அடங்காது. எனவே உணவை ஏறுவரிசையில் கட்டுங்கள்:

10 நாள் × 4,200 = 42,000
20 நாள் × 5,000 = 1,00,000
28 நாள் × 5,600 = 1,56,800

மொத்தம் 2,98,800 கலோரி. செலவோடு ஒப்பிட்டால் பற்றாக்குறை சுமார் 30,000. அதாவது 4 கிலோ உடல் எடை. தாங்கக்கூடியதே. இப்போது உராய்வுக் கெழுவை 0.1இலிருந்து 0.13க்கு மாற்றிப் போடுங்கள். இழுவைச் செலவு மட்டும் 27,000 கலோரி கூடுகிறது, எடை இழப்பு ஏழரைக் கிலோவுக்குப் போகிறது. பனி கொஞ்சம் ஒட்டினாலே இழப்பு இரட்டிப்பாகும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தத் திட்டத்தையும் நம்பாதீர்கள். அதனால்தான் புறப்படும் முன் 5 முதல் 8 கிலோ எடை ஏற்றிக்கொள்வது வழக்கம்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1992–93இல் ரனுல்ஃப் ஃபைன்ஸும் மைக் ஸ்ட்ரௌடும் உதவி பெறாமல் அண்டார்டிகாவைக் கடந்த பயணம் சான்று. தலா 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமையோடு தொடங்கினார்கள். நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டும் இருவரும் 20 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். அந்த அளவில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, இழுக்க வேண்டிய தசையும்தான்.

கலோரியிலிருந்து கிலோவுக்கு

கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. தண்ணீர் சுழி. பயண உணவின் தரத்தை அளக்க உதவும் எண் கிராமுக்கு எத்தனை கலோரி என்பதே. 4.4 கிடைக்கும் சாதாரண உலர் உணவால் 2,98,800 கலோரியைக் கட்டினால் 67.9 கிலோ. 5.2 கிடைத்தால் 57.5 கிலோ. பத்துக் கிலோவுக்கு மேல் மிச்சம்.

5.2 கிடைக்கும் ஒரு நாள் கட்டு இப்படி அமையலாம்: ஓட்ஸ் 100 கிராம், கொழுப்பு நீக்காத பால்பொடி 60, நெய் 80, சாக்லேட் 180, பாதாம், முந்திரி, மக்கடேமியா கலந்து 150, சலாமி (பதப்படுத்திய இறைச்சி) 70, பாலாடைக்கட்டி 50, உறைநிலையில் உலர்த்திய இரவு உணவு 200, பிஸ்கட் 80, சர்க்கரை 40. எடை 1,010 கிராம், கலோரி ஏறத்தாழ 5,220. இதில் கொழுப்பின் பங்கு சுமார் 57 சதவீதம், புரதம் 130 கிராம், மாவுச்சத்து 420 கிராமுக்கு மேல். கொழுப்பை இன்னும் ஏற்றினால் எடை குறையும் என்பது சரிதான், ஆனால் வயிறு ஒத்துழைக்காது. செரிக்காமல் வெளியேறும் கலோரி வண்டியில் மட்டும்தான் இருந்தது, உடம்பில் ஏறவில்லை. இந்த அளவுக்கே இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து பழக வேண்டும்.

துருவப் பயணிகள் வழக்கமாக வெண்ணெய் எடுத்துப் போவார்கள். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர், கிராமுக்கு 7.2 கலோரிதான். உருக்கி நெய்யாக்கினால் 8.8. நம் அடுக்களையில் வெண்ணெய் காய்ச்சுகிற வேலை இங்கே பல கிலோமீட்டர் இழுவையை மிச்சப்படுத்துகிறது. தட்டில் ஊற்றி உறையவைத்து 20 கிராம் வில்லைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். குளிரில் டப்பாவிலிருந்து கரண்டியால் எடுக்க முடியாது.

இதே காரணத்துக்காகச் சலாமியை அரை சென்டிமீட்டர் துண்டுகளாகவும், பாலாடைக்கட்டியைச் சிறு கட்டங்களாகவும், சாக்லேட்டை வாய்க்கு அடங்கும் துண்டுகளாகவும் வீட்டிலேயே வெட்டிவிட வேண்டும். ஈரப்பதமுள்ள பேரீச்சம்பழம், பழ பார்கள் மைனஸ் 25 டிகிரியில் பல்லை உடைக்கும். கொட்டைப்பருப்புகளில் நீர் குறைவு என்பதால் அவை மாறுவதில்லை.

உணவு உறைகளும் கலோரி தின்னும்

ஒரு கிலோ எடையை முழுத் தூரமும் இழுக்க ஆகும் செலவு: 0.1 × 9.8 × 11,75,000 மீட்டர் = 1.15 மெகாஜூல். 22 சதவீதத் திறனில் 1,250 கலோரி. கடைசி நாளில் உண்ணும் ஒரு கிலோ உணவு 5,200 கலோரி தருகிறது, அங்கே கொண்டுபோக 1,250 பிடிக்கிறது. மிச்சம் 3,950. அதனால் கூடுதல் உணவு சக்திக் கணக்கில் ஒருபோதும் நட்டமாவதில்லை, வேகத்தில்தான் அடி விழும். ஆனால் உறைகளும் காலி டப்பாக்களும் எதையும் தருவதில்லை. குப்பையை அண்டார்டிகாவில் விட்டுவரக் கூடாது என்பதால் அவை கடைசி வரை கூடவே வரும், கிராமுக்கு 1.25 கலோரி வாங்கிக்கொண்டு. கடை உறைகள் எல்லாவற்றையும் பிரித்து, ஒரு நாளுக்கு ஒரு பை என்று மாற்றினால் நாளுக்கு 50 கிராமுக்குள் அடக்கலாம். மொத்தம் 3 கிலோ.

எரிபொருளும் உணவுதான்

எரிபொருள் தீர்ந்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாமல் உலர் உணவால் பயனில்லை. மைனஸ் 25 டிகிரிப் பனி ஒரு கிலோவை 95 டிகிரி வெந்நீராக்க:

பனியைச் சுழிக்குக் கொண்டுவர 25 × 2.05 = 51 கிலோஜூல்
உருக்கும் உள்ளுறை வெப்பம் 334
சுழியிலிருந்து 95க்கு 95 × 4.18 = 397

மொத்தம் 782 கிலோஜூல். கவனியுங்கள், பாதிச் செலவு சூடாக்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அடுப்பு பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 31,000 கிலோஜூல். அடுப்பின் திறன் 50 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 மில்லி. ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர் தண்ணீர், ஆகவே 250 மில்லி. காற்றுத் தடுப்பு இல்லாமல் திறன் 30 சதவீதமாக இறங்கினால் இதே வேலைக்கு 420 மில்லி. அடுப்பைச் சுற்றி வைக்கும் அலுமினியத் தகடு சில கிராம், அது காப்பாற்றுவது பத்து லிட்டருக்கு மேல். பாத்திரத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைத்து அதன்மேல் பனியைப் போடுங்கள். வெறும் பாத்திரத்தில் ஈரமில்லாத பனியைப் போட்டால் அடி தீய்ந்து வெப்பம் வீணாகும்.

திட்ட நாள் 58, இருப்பு நாள் 6, ஆக 64 நாளுக்கு 16 லிட்டர், 11.2 கிலோ, புட்டிகளோடு 12.5 கிலோ. இதை உணவுக்கு மேலே ஒருபோதும் கட்டாதீர்கள். ஒரு மூடி கசிந்தால் ஒரு வார உணவு பெட்ரோல் நாற்றத்தோடு குப்பையாகும்.

கசிவு உயிரையும் வாங்கும். 1912இல் துருவத்தை எட்டிய பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டும் அவர் குழுவும் உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் திரும்பும் வழியில், உணவும் எரிபொருளும் முன்பே வைத்திருந்த கிடங்குகளில் எதிர்பார்த்த மண்ணெண்ணெய் இல்லை. டின்களின் தோல் வாஷர்கள் குளிரில் சுருங்கி, எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. ஸ்காட்டுக்கு முன்பே துருவத்தை அடைந்த நார்வேக்காரர் ஆமுன்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்.

இருப்பு எத்தனை நாள்

"பத்து சதவீதம் கூட வைத்துக்கொள்" என்ற சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 58 நாளில் புயல் நாட்கள் சராசரி 4 என்றால் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு, சுமார் 2. சராசரிக்கு மேல் மூன்று மடங்கு திட்ட விலக்கம் வைத்தால் 6 நாள் கூடுதல், ஏறத்தாழ 10 சதவீதம்தான். ஆனால் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே 6 நாள் நடை என்றால்? சராசரிப் புயல் நாள் 0.4, திட்ட விலக்கம் 0.65, தேவை கிட்டத்தட்ட இரண்டரை நாள். அது 40 சதவீதம். பயணத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் விகிதம் பெரிதாக வேண்டும். மேலும் புயல் நாட்கள் தனித்தனியாக வருவதில்லை, தொடராக வரும். ஸ்காட்டின் கடைசிக் கூடாரத்தை மார்ச் 1912இல் ஒரு வாரத்துக்கும் மேல் புயல் அடைத்துவைத்தது. 'ஒரு டன்' என்று பெயரிட்ட கிடங்கு அங்கிருந்து 20 கி.மீ. தூரத்தில் இருந்தது. அந்தக் கிடங்கு முதலில் 80 டிகிரி தென் அட்சரேகையில் வைக்கத் திட்டமிடப்பட்டு, 79 டிகிரி 29 நிமிடத்திலேயே வைக்கப்பட்டிருந்தது.

அவர்கள் பீடபூமியில் உண்டதையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஆளுக்கு நாளுக்கு பிஸ்கட் 454 கிராம், பெமிக்கன் (உலர்த்திய இறைச்சியும் கொழுப்பும் கலந்தது) 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, கொஞ்சம் தேயிலையும் கோகோவும். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, சுமார் 4,500 கலோரி. 6,000 செலவாகும் வேலையில் நாளுக்கு 1,500 பற்றாக்குறை, ஐந்து நாளுக்கு ஒரு கிலோ உடம்பு. வைட்டமின் சி அறவே இல்லை. நான்கு பேருக்கென்று கட்டிய உணவை ஐந்து பேர் பங்கிட்டதில் மொத்த அளவு மாறவில்லை, துணைக்குழு மூவராகக் குறைந்ததால். ஆனால் ஐவருக்குச் சமைக்க நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகிறது என்று ஸ்காட்டே குறித்திருக்கிறார். அந்த அரை மணி நேரமும் அடுப்பு எரிந்தது.

நம் கணக்குக்கு வருவோம். 6 இருப்பு நாட்களுக்கு, பெரும்பாலும் கூடாரத்தில் கிடப்பதற்கு, நாளுக்கு 4,000 கலோரி வைத்தால் 4.6 கிலோ. ஆக உணவு 62, உறை 3, எரிபொருள் 12.5, கூடாரம், உடை, தொலைபேசி, வண்டி உட்பட மற்றவை 32. கூட்டினால் 109.5 கிலோ. ஊகித்த 110 நிற்கிறது.

பனியில் போடும் கணக்கு

வீட்டில் போட்டது பாதிதான். ஏழு நாளுக்கு ஒருமுறை இரண்டு எண்களை எழுதுங்கள்: மீதி கிலோமீட்டர், மீதி உணவு நாட்கள். 20ஆம் நாள் திட்டப்படி 330 கி.மீ. கடந்திருக்க வேண்டும், ஆனால் 270தான் என்று வையுங்கள். மீதி 905 கி.மீ., உணவு இருப்போடு சேர்த்து 44 நாள். தேவை நாளுக்கு 20.6 கி.மீ., புயல் நாளையும் சேர்த்து. கடந்த ஏழு நாளின் சராசரி 16 என்றால் பின்னால் வேகம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்காமல், அன்றே முடிவெடுக்க வேண்டும்.

உணவைக் குறைப்பதாக இருந்தால் சீக்கிரம் குறைக்க வேண்டும். இருப்பைத் தவிர்த்த 38 நாள் உணவை 85 சதவீதமாக உண்டால் 38 ÷ 0.85 = 44.7, ஆறரை நாளுக்கு மேல் கிடைக்கிறது. அதே வெட்டைக் கடைசி 10 நாளில் செய்தால் இரண்டு நாள்கூடக் கிடைக்காது. குறைக்கும்போது மதிய இடைவேளைத் தின்பண்டத்தில் கை வைக்காதீர்கள், இழுவை அதில்தான் ஓடுகிறது. ஓட்ஸிலும் இரவு உணவிலும் குறையுங்கள்.

திரும்பி வரும் பயணமாக இருந்தால் இன்னொரு கோடு உண்டு: கையில் உள்ள உணவு நாட்கள், பின்னால் உள்ள கிடங்கை அடையத் தேவையான நாட்களோடு இருப்பையும் சேர்த்த எண்ணைத் தொடும் நாள். துருவத்தை நோக்கி நால்வராகப் போன பிரிட்டிஷ் பயணி ஷாக்கிள்டன் 1908 அக்டோபர் இறுதியில் 91 நாள் உணவோடு புறப்பட்டார். அதை நீட்டி நீட்டி உண்டுகொண்டே போய், 1909 ஜனவரி 9 அன்று, 88 டிகிரி 23 நிமிடத்தில், துருவத்துக்கு 97 கடல் மைல் இருக்கும்போது திரும்பினார். பயணம் முடிய நான்கு மாதமானது. நால்வரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.